மைக் கிடைத்த பிறகு

‘மைக்ரோஃபோன்’ என்று ஒரு எகிப்தியப் படம். 2010-ல் அகமத் அப்தல்லா எடுத்தது. அமெரிக்காவிலிருந்து அலெக்சாண்ட்ரியாவுக்குத் திரும்பி வரும் ஒருவன், ஊர்ப் பையன்கள் சந்துபொந்துகளில் பாடிக்கொண்டும் சுவரில் படம் வரைந்துகொண்டும் இருப்பதைப் பார்க்கிறான். இவர்களுக்கு ஒரு கச்சேரி வைத்தால் என்ன என்று கிளம்புகிறான். அனுமதி, அதிகாரி, ஆட்சேபணை... மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். 2011 ஜனவரியில் படம் தியேட்டருக்கு வந்தபோது தஹ்ரீர் சதுக்கம் பற்றிக்கொண்டுவிட்டது. அப்புறம் யார் சினிமா பார்ப்பார்கள்?

படத்தில் பாடுகிறவர்கள் அந்த ஊரின் நிஜப் பாடகர்கள். அதில் ‘ஒய் க்ரூ’ என்ற ராப் கோஷ்டியின் ஷாஹீன்தான் இந்த வாரம் நம் ஆள். தன்னைத்தானே ‘அல் அப்கரி’, அதாவது மேதை என்று அழைத்துக்கொள்கிறவர். அடக்கம் என்பது ராப்பில் கெட்ட வார்த்தை, எனவே மன்னித்துவிடலாம்.

அன்று மைக் கிடைக்காமல் அலைந்த ஊரிலிருந்துதான் மர்வான் பாப்லோவும் வெக்ஸும் வந்தார்கள். 2022 டிசம்பரில் கத்தாரில் உலகக் கோப்பை ஃபைனலுக்கு முன்னால் வெக்ஸ் பாடினார். சந்திலிருந்து லுசைல் ஸ்டேடியம்! நடுவில் பன்னிரண்டே வருஷம். தடை போடுகிறவர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2020-ல்கூட இசைக் கலைஞர்கள் சங்கம் ‘மஹ்ரகானாத்’ என்ற தெருப்பாட்டுக்காரர்களை மேடையேறக் கூடாது என்றது. பாட்டு பாட்டுக்கு யூடியூபில் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பாதை போட்டவருக்கு இன்று என்ன இடம்?

மூத்தவர்களுக்கு வழக்கமாக இரண்டு வேலைதான் கொடுப்பார்கள். ஒன்று, சிலையாக நிற்பது. இன்னொன்று, ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று புலம்புவது. ஷாஹீன் இரண்டையும் ஏற்கவில்லை. சின்னப் பையன்களின் அதே ட்ராப் தாளத்தில் இறங்கி, மல்லுக்கு நிற்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அரபி தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறையையும் கேட்டேன். இளைஞர்களிடம் குரலே வாத்தியம். ஆட்டோட்யூனில் இழுத்து, சோம்பலாக, பாதி வார்த்தையை முழுங்கிப் பாடுகிறார்கள். ஷாஹீனிடம் ஒவ்வொரு வார்த்தையும் கல் மாதிரி வந்து விழுகிறது. ஒரு அடியில் சொன்னதை அடுத்த அடியில் திருப்பிப்போட்டுக் குத்துவார். நண்பர் நாலு இடத்தில் சிரித்தார். ஏன் என்று விளக்கினால் சிரிப்பு போய்விடும் என்றார். பேச்சு அரபியில் கிண்டல் அடிப்பதற்கு அந்த ஊரில் பரம்பரையே உண்டு. அரசரைக் கேலி செய்து நாடு கடத்தப்பட்ட பைரம் அல் துனிசி அலெக்சாண்ட்ரியாக்காரர்தான்.

குறை ஒன்று உண்டு. ‘நான்தான் முதலில் வந்தேன், நீயெல்லாம் அப்புறம்’ என்கிற சீனியாரிட்டி சர்ட்டிஃபிகேட்டை அடிக்கடி நீட்டுகிறார். ஒரு தடவை சொன்னால் கம்பீரம், ஒவ்வொரு பாட்டிலும் சொன்னால் பென்ஷன் மனு. இருபது வயசுப் பையனுக்கு வரலாறு வேண்டாம் சார், இன்றைக்கு ராத்திரி கேட்க ஒரு பாட்டு வேண்டும்.

‘பழையவர்களுக்கு விஷயம் இருந்தது, புதியவர்களிடம் சத்தம்தான்’ என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. பாப்லோவின் அந்தச் சோம்பலில் ஒரு அலுப்பு இருக்கிறது. 2011-ல் கத்தி, அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ள நேர்ந்த ஒரு ஊரின் அலுப்பு. அதை ஷாஹீனால் பாட முடியாது. அவர் குரல் இன்னும் மைக்கைக் கேட்டுச் சண்டை போடுகிற குரல். அந்தப் பசியை, போனிலேயே மைக்கோடு பிறந்தவர்களாலும் பாட முடியாது.

கேட்க நினைப்பவர்கள் முதலில் ‘மைக்ரோஃபோன்’ பாருங்கள். அப்புறம் ஷாஹீனின் சமீபத்திய பாட்டு ஏதாவது ஒன்று. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.