எல்லார்க்கும் உரிய ஆடல்: லாபானின் கொள்கை

ஆடல் பயின்றார்க்கே உரியதோ, மக்கள் எல்லார்க்கும் உரியதோ என்னும் வினாவிற்கு இருபதாம் நூற்றாண்டில் விடை கண்டாருள் ருடால்ஃப் லாபான் தலையாயவர். 1879இல் ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசின் பிரஸ்பர்க் நகரில் தோன்றி, ஜெர்மனியில் புகழெய்தி, 1938இல் இங்கிலாந்தில் குடியேறிய இவர், 1948இல் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்க்கென ஓர் ஆடற்கல்வி நூல் வெளியிட்டார்.

மனப்பாடம் செய்தற்குரிய அடிவைப்புகளை அந்நூல் வகுக்கவில்லை. 16 அசைவுக் கருக்களையே வகுக்கின்றது. எடை, வெளி, காலம், ஓட்டம் என்பன அசைவின் நான்கு கூறுகள். அவற்றுள் முதல் மூன்றும் வன்மை மென்மை, நேர் வளைவு, விரைவு நீட்சி என இவ்விரண்டாய்ப் பிரிந்து உறழ, அழுத்துதல், பிழிதல், சுண்டுதல் முதலிய எட்டுச் செயல்கள் பிறக்கும். ஈரத்துணியைப் பிழியும் கை வன்மையும் வளைவும் நீட்சியும் உடையது. மெல்லென ஒற்றியெடுக்கும் கை அதற்கு முற்றும் மறுதலை. எனவே, நாள்தொறும் உழைக்கும் எவர் உடலிலும் ஆடலின் முதற்பொருள் முன்னரே உளது என்பது பெறப்படும். இஃது ஆடலை எளிமையாக்குதல் அன்று. ஆடலின் அலகையே மாற்றுதலாம்.

ஈண்டு ஒரு தடை எழும். 1920களில் ஜெர்மனியில் இவர் அமைத்த அசைவுக் குழுக்களிலும் பயிலாத பொதுமக்களே ஆடினர். 1934 முதல் நாஜி அரசின் ஆடற்பணிக்கு இவரே தலைமை தாங்கினார். 1936இல் ஒலிம்பிக் விழாவிற்கென ஏறத்தாழ ஆயிரவரைக் கொண்டு அமைத்த ஆடலை, ஒத்திகை கண்ட கோயபல்ஸ் தடுத்தார். அத்தடை ஒன்றே கொண்டு லாபானை உரிமைக்கு நின்றவர் எனக் கூறுதல் பொருந்தாது; அதற்கு முன் அவர் ஆற்றிய பணி அதனை மறுக்கும்.

ஆயின், எல்லாரும் ஆடுதல் என்பது தானே உரிமை ஆகுமோ? ஆகாது. 'எல்லார்' என்னும் சொல் கூட்டத்தையும் குறிக்கும்; ஒவ்வொருவரையும் குறிக்கும். முன்னைய பொருளில், ஆடுவோன் கூட்டத்துள் மறைவான். அக்கூட்டத்தை அரசு எளிதிற் கைக்கொள்ளும். 1948ஆம் ஆண்டு நூல் பின்னைய பொருளைச் சார்கின்றது. அதன் முதற் கரு உடலுணர்வு. மாணவனுக்கு இயல்பான அசைவு யாது எனக் கண்டு, அவன் பழகாத அசைவிற்கும் அவனை இட்டுச்செல்லுதல் ஆசிரியன் கடன். குழுவாக ஆடுதல் ஆண்டும் உண்டு. எனினும், தன் அசைவை உணர்ந்தான் ஒருவனே அக்குழுவிற் புகுகின்றான்.

லாபானின் கொடையை ஆடினார் தொகை கொண்டு அளத்தல் தகாது. ஆடுவோன் ஒவ்வொருவனும் தன்னை அறியும் வாயிலாக ஆடலை ஆக்கியதே அவர் கொடை என்க.