தற்செயலும் பொருட்பேறும்: அரிசர்மன் கதை பற்றி ஒரு நோக்கு

நாடோடிக் கதைகளிலே உழைப்பாலும் அறிவாலும் பொருள் ஈட்டுவோர் ஒருபாலராக, யாதும் அறியாதிருந்தும் தற்செயலாற் செல்வராவோர் மற்றொருபாலராவர். ஸ்டித் தொம்சன் தமது கதைக்கூற்று அட்டவணையில் (திருத்திய பதிப்பு 1955-1958) இத்தகைய நிகழ்ச்சிகளைத் தற்செயலும் ஊழும் என்னும் பிரிவில் அடக்கினார். அப்பகுப்புப் பயனுடைத்தே. எனினும், யாவும் தற்செயல் என்று அமைந்துவிடின் கதையின் உட்பொருள் புலனாகாது. அரிசர்மன் கதை கொண்டு இதனை ஆராய்வாம்.

11ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் யாத்த கதாசரித்சாகரத்தில் வரும் அரிசர்மன் கல்லாத வறிய அந்தணன். தான் ஊழியஞ் செய்யும் இல்லத்துத் திருமண விருந்திலே மறக்கப்பட்ட அவன், மணமகனின் குதிரையைத் தானே ஒளித்துவைத்துப் பின் கணித்து அறிந்தான்போற் காட்டி, அறிஞன் எனப் பெயர் பெறுகின்றான். அரண்மனையிற் களவு நிகழ்ந்தபோது அரசன் அவனை வருவித்து ஓர் அறையில் இருத்துகின்றான். அஞ்சிய அரிசர்மன், பொய் கூறிய தன் நாவைச் 'சிகுவை' என விளித்துப் பழிக்கின்றான். களவு செய்த பணிப்பெண்ணின் பெயரும் அதுவே. அவள் வந்து அடிபணிகின்றாள். சாத்திரங் கல்லாதானுக்கு இவ்வறிவு எங்ஙனம் வாய்த்தது என அமைச்சன் ஐயுறவே, மூடிய குடத்தில் தவளையொன்றை இட்டு அரசன் சோதிக்கின்றான். தந்தை இளமையிலிட்ட 'தவளை' என்னும் பெயரால் அரிசர்மன் தன்னை நொந்து புலம்ப, அதுவே விடையாயிற்று. ஊர்களும் பொன்னும் பரிசாகப் பெற்றான்.

கிறிம் சகோதரர் 1815இல் வெளியிட்ட யேர்மன் தொகுதியிலும் இதனை ஒத்த கதையொன்றுண்டு. அதன் தலைவனாகிய குடியானவனின் பெயருக்குப் பொருள் நண்டு. மூடிய கலத்துள் இருந்ததும் நண்டே. இரு கதைகளும் பிறருடைய உணவினைக் கண்டு எழுந்த ஆசையிலே தொடங்குதல் நோக்கற்பாலது.

அரிசர்மன் திட்டமிட்டுக் கூறிய பொய் அவனுக்குப் பெயரையே ஈட்டித் தந்தது. அப்பெயரே அவனை இடரிலும் வீழ்த்தியது. அவனைக் காத்த சொற்கள் இரண்டும் தன்னைத் தானே இகழ்ந்த மெய்ச்சொற்கள். அவற்றை ஞானமாக்கியோர் கேட்டோரே: பணிப்பெண்ணின் குற்றமுள்ள நெஞ்சு ஒன்று, அரசனின் வியப்பு மற்றொன்று. பெயரொப்புமை மட்டுமே தற்செயல். எஞ்சியன மனித இயல்பின் விளைவு.

ஆகவே, இக்கதை கல்வியை இகழ்கின்றது என்பார் கூற்றுப் பொருந்தாது. அமைச்சனின் ஐயம் முற்றும் நேரியது. அரசன் வகுத்த சோதனையே பிழையுடையது. குடத்துள் இருப்பதைக் கூறுதல் கல்விக்கு அளவுகோல் ஆகாது. ஒரு விடை சரியாதல் கண்டு அறிவு உண்டெனத் துணியும் மயக்கமே இங்கு எள்ளப்படுகின்றது. கற்போரும் கற்பிப்போரும் இதனை உளங்கொள்ளல் நன்று.