ஃபிலிம் டப்பா

கட்டைவிரல் உயரம்தான் இருக்கும் அந்தக் கறுப்பு டப்பா. சாம்பல் நிற மூடியை நெம்பினால் 'டப்' என்று ஒரு சத்தம். காலியானதும் அம்மா ஏலக்காய் போட்டுவைப்பார். தாத்தா என்றால் திருநீறு. உள்ளே வந்த 35 மி.மீ. ரோலில் 36 படம். மாட்டுவதில் கெட்டிக்காரராக இருந்தால் 37. அந்த ஒன்றைப் பற்றியே ஒரு மணி நேரம் பெருமையடிப்பவர்கள் உண்டு.

படம் பிடிப்பவர்கள் கூடினால் அன்று அதுதான் பேச்சு: என்ன ரோல், டெவலப்பர் எத்தனை டிகிரி, ஹைப்போவில் எத்தனை நிமிடம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோலைத் திட்டுவதற்கும் தாங்குவதற்கும் ஆள் இருந்தது. டிஜிட்டல் வந்தது, பேச்சு மெகாபிக்சலுக்குத் தாவியது. பிறகு கைபேசி. ஊட்டி ஆலையும் மூடியாயிற்று, பழைய கூட்டத்தில் பாதிப் பேரைக் காணோம்.

மெகாபிக்சல் பேச்சில் எனக்கு ருசி தட்டியதில்லை. இருட்டறையின் சிவப்பு விளக்கடியில், டெவலப்பர் தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளை மெல்ல அலசுவோம், முகம் எழும். முதலில் தலைமுடி, அப்புறம் புருவம், கண்மணி. கன்னம் கடைசியில்தான் வரும். அதைப் பார்த்த கண்ணுக்கு எண்கள் எதற்கு?

இருபது வயதுப் பிள்ளைகள் சிலர் மறுபடி ரோல் மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். விலையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது. உங்கள் வீட்டு அலமாரியில் அந்த டப்பா இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஏலக்காயை மட்டும் இடம் மாற்றுங்கள்.