வல்லன் கேட்ட வரம்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வல்லக்கோட்டை. இங்குள்ள கோயிலில் மூலவர் சுப்பிரமணிய சுவாமி ஏறத்தாழ 7 அடி உயரம்; கும்பிடுகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம் இது. இவ்வளவு பெரிய முருகன் நிற்கும் ஊருக்கு முருகன் பெயர் இல்லை. அவனிடம் தோற்றவன் பெயர்தான் இருக்கிறது. வல்லன் என்ற அசுரன் இங்கே கோட்டை கட்டி ஆண்டான், தேவர்களை வதைத்தான், முருகனிடம் தோற்றுச் சாகும் நேரத்தில் இந்த ஊர் தன் பெயரால் விளங்க வேண்டும் என்று வரம் கேட்டான், முருகனும் தந்தான் என்கிறது தலபுராணம். பஸ் போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இன்றைக்கும் எழுதப்படுவது அந்த வில்லனின் பெயர்.

சூப்பர் ஹீரோ படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தோற்றவனை என்ன செய்வது என்ற கேள்வியை முதல் பாகம் எளிதாகக் கடந்துவிடும். நாயகனுக்குச் சக்தி வர வேண்டும், முகமூடி தைக்க வேண்டும், ஊர் அவனைக் கொண்டாட வேண்டும். இதற்கே இரண்டரை மணி நேரம் போய்விடும். இரண்டாம் பாகத்தில் அந்தப் புதுமை தீர்ந்திருக்கும். பறக்கிறவன் பறப்பதைப் பார்த்தாயிற்று. அவன் பட்ட துக்கத்தையும் முதல் படமே செலவழித்துவிட்டது. இனி கதைக்கு வேண்டிய வலியை வில்லன்தான் கொண்டுவர வேண்டும். நல்ல இரண்டாம் பாகங்களில் வில்லன் நாயகனைவிட நியாயமாகத் தெரிவது இதனால்தான்.

தமிழ்க் கதைமரபு இதை எப்போதோ கண்டுகொண்டது. கச்சியப்ப சிவாச்சாரியார் இதே மாவட்டத்தில், காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் இருந்து கந்தபுராணம் பாடினார். 10,000 பாடல்களுக்கு மேற்பட்ட அந்த நூலின் ஆறு காண்டங்களில் இரண்டாவது, அசுர காண்டம். சூரபத்மன் எப்படிப் பிறந்தான், என்ன தவம் செய்தான், என்ன வரம் பெற்றான் என்பதையெல்லாம் சாவகாசமாகச் சொன்ன பிறகுதான் போர் வருகிறது. போரின் உச்சத்தில் முருகன் பேருருவம் காட்டும்போது சூரனுக்கு ஒரு கணம் தெளிவு பிறக்கிறது. பகையை மறந்து, பார்த்ததை வியக்கிறான். அடுத்த கணம் பழைய ஆணவம் திரும்பிவிடுகிறது. அந்த ஒரு கணத்தைக் கவிஞர் எழுதாமல் விட்டிருந்தால், பிறகு அவன் மயிலாகவும் சேவலாகவும் மாறுவது வெறும் மாயவித்தையாகத்தான் இருந்திருக்கும்.

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் முருகன் கோயில் வாசலில் நின்று சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சூரனின் பொம்மைக்கு உடம்பு ஒன்றுதான், தலைதான் பல. முதலில் ஆனைமுகம் வரும். தூக்கி நிற்பவர்கள் இடமும் வலமுமாக ஆட்டி, சாமிக்கு எதிரே ஓடவிட்டுத் திருப்புவார்கள். வேல் பட்டதும் ஆனைத்தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கமுகத்தை மாட்டுவார்கள். பிறகு சூரனின் சொந்த முகம். கடைசியில் மாமரக் கொப்பு. ஒவ்வொரு தலை விழும்போதும் கூட்டம் ‘அரோகரா’ போடும். உடனே அடுத்த தலைக்காகக் கழுத்தை நீட்டிப் பார்க்கும். தொடர் படம் என்ற கலையை ஒரே மாலையில் காட்டிவிடும் கூத்து இது.

தமிழ் சினிமாவில் இந்த வகையின் பெரிய சோதனை ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) என்ற இரண்டு படங்கள். ‘எந்திரன்’ வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 2008-ல், எழுத்தாளர் சுஜாதா காலமானார். ஆனாலும் படத்தில் அவருடைய மூளை தெரிகிறது. நாயகனையும் வில்லனையும் ஒரே உடம்பில் வைத்த கதை அது. சிட்டி என்ற ரோபோ காதலிக்கிறது, அவமானப்படுகிறது, வெட்டி வீசப்பட்டுக் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கிருந்து அதை எடுத்து வருகிற விஞ்ஞானி போரா சிவப்புச் சிப் ஒன்றைப் பொருத்த, அசுரனாகிறது. முடிவில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சி வருகிறதே, தமிழ்ப் படங்களில் அதற்கு ஈடான பிரிவுக் காட்சிகள் குறைவு. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்துக்கொண்டே எல்லோரிடமும் விடைபெறுகிறது. கடைசியில் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிக் குழந்தை, ஏன் இதைக் கழற்றினார்கள் என்று கேட்கும்போது, தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அந்தத் தலை பதில் சொல்கிறது. கதை அங்கே முடிந்தது. முழுமையாக முடிந்தது.

இரண்டாம் பாகத்தின் முதல் துன்பம் இதுதான். நிறைவாகச் சொன்ன விடையைத் திரும்பப் பெற வேண்டும். கழற்றி வைத்ததை மாட்ட வேண்டும்.

‘2.0’ படப்பிடிப்பு 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் பக்கத்திலுள்ள ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் தொடங்கியது. சென்னையை மூழ்கடித்த வெள்ளம் வடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. வல்லக்கோட்டையிலிருந்து அந்த இடம் தூரமில்லை. இரண்டுக்கும் இடையில் நீள்வதெல்லாம் தொழிற்சாலைகள். எந்திரக் கைகள் கார் உடம்பைப் பற்றவைக்கும் வட்டாரம் இது. 2006 முதல் நோக்கியா ஆலை கோடிக்கணக்கில் செல்போன்களைச் செய்து அனுப்பியதும், 2014 நவம்பரில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றதும், இப்போது ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாவதும் இந்த வட்டாரத்தில்தான். ‘2.0’ படத்தில் எழும் அசுரனின் உடம்போ முழுக்க முழுக்கச் செல்போன். நகரத்து மக்களின் கையிலிருந்தும் பையிலிருந்தும் போன்கள் பிய்த்துக்கொண்டு பறந்து ஒரு ராட்சதப் பறவையாகத் திரள்கின்றன. தற்செயல்தான், ஆனாலும் வல்லக்கோட்டைச் சாலையில் போகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய தற்செயல்.

அந்தப் பறவைக்குள் இருப்பவர் பட்சிராஜன். அக்ஷய் குமார் நடித்த அந்த முதியவரின் தோற்றம் பறவையியலாளர் சலீம் அலியை நினைவூட்டும். சிட்டுக்குருவிகள் செத்து விழுவதைப் பார்த்து, செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சுதான் காரணம் என்று நம்பி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். நீதிமன்றம் போகிறார், அமைச்சரைப் பார்க்கிறார், கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சுகிறார். எங்கும் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிறார். இந்தப் பகுதி முழுவதும் படத்தில் ரஜினிகாந்துக்கு வேலையே கிடையாது. படத்தின் உயிர் இருப்பதோ இந்தப் பகுதியில்தான்.

படம் 2018 நவம்பர் 29 அன்று வெளியாகும் நேரத்தில் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது: அறிவியல் ஆதாரம் இல்லாமல் கோபுரங்களைப் பற்றி மக்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று. கோபுரக் கதிர்வீச்சுதான் குருவிகளைக் கொன்றது என்று உறுதியாக நிறுவப்படவில்லை என்பது உண்மை. கூடு கட்ட ஓட்டுச் சந்தும் உத்திர இடுக்கும் இல்லாமல் போனது, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி குறைந்தது, மரங்கள் போனது ஆகியவற்றைப் பறவையியலாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரகடம் வட்டாரத்தில் வயல்கள் சிப்காட் தொழிற்பேட்டை மனைகளானதையும் ஓட்டு வீடுகள் கான்கிரீட்டானதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்சிராஜனின் கணக்கு தவறாக இருக்கலாம், அவருடைய துக்கம் தவறில்லை. கதைக்குள் பெரியவர்கள் யாரும் அவரை உட்காரவைத்துக் கேட்காதது நெஞ்சை அடைக்கிறது.

இனி நாயகன் ஜெயிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பட்சிராஜன் விஞ்ஞானி வசீகரனின் உடம்புக்குள் புகுந்துகொள்ள, தன்னைப் படைத்தவரை அடிக்க முடியாமல் சிட்டி சிதைகிறது. அதை மறுபடி எழுப்ப நிலா என்ற எந்திரப்பெண் பழைய சிவப்புச் சிப்பையே பொருத்துகிறாள். முதல் படத்தில் எது அசுரனாக்கியதோ அது இல்லாமல் இரண்டாம் படத்தில் வெற்றி இல்லை. அதுவும் போதவில்லை. குட்டி எந்திரங்கள் புறாக்களின் முதுகில் ஏறி வந்து, அந்தப் புறாக்களையே பணயம் வைக்கின்றன. பறவைகள் சாகக் கூடாது என்று பதறித்தான் பட்சிராஜன் தோற்கிறார். அவரைத் தோற்கடித்தது அவருடைய அன்பு. அந்த இடத்தில் கைதட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் இருப்பார்கள். முடிவில் வசீகரன் அமைச்சரிடம் பட்சிராஜன் சொன்னதில் நியாயம் உண்டு, வழிதான் தவறு என்கிறார். வாயால் தரும் அந்த அங்கீகாரத்தைத் தாண்டிப் படம் போகவில்லை. வல்லனுக்குக் கிடைத்தது பட்சிராஜனுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. படத்தில் செல்போனை விற்கிறவர், நெட்வொர்க் நடத்துகிறவர், அமைச்சர், கையில் வைத்துப் பேசுகிற கோடிப் பேர் என எல்லோரும் வருகிறார்கள். போனைச் செய்த கைகள் எங்கும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து கழுத்தில் ஐ.டி. கார்டோடு கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழியும் பெண்களை அந்தக் கதைக்குள் கொண்டுவந்திருந்தால், பட்சிராஜனின் கேள்வி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

வெளியே பார்த்தால், ஹாலிவுட் இந்தச் சிக்கலோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டுகிறது. ‘சூப்பர்மேன் 2’ (1980) படத்தில் காதலுக்காகச் சக்தியைத் துறந்தவன் ஒரு சாப்பாட்டுக்கடையில் சாதாரண முரடனிடம் அடிவாங்கித் தன் ரத்தத்தைத் தானே பார்க்கிறான். சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) அதையே இன்னும் நுட்பமாகச் செய்தது. வீட்டு வாடகை பாக்கி, வேலை போகிறது, வலை வர மறுக்கிறது. நாயகன் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். அதில் வரும் டாக்டர் ஆக்டோபஸ், தான் மூட்டிய நெருப்பைத் தானே ஆற்றில் மூழ்கடித்துச் சாகிறார். ‘தி டார்க் நைட்’ (2008) நாயகனையே தேடப்படும் குற்றவாளியாக்கி ஓடவிட்டது. ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ (2021) பழைய பாகங்களின் வில்லன்கள் பலரை வரவழைத்து, அவர்களைக் கொல்ல மாட்டேன், குணப்படுத்துவேன் என்று நாயகன் பிடிவாதம் பிடிக்கிற கதை. அந்தப் பிடிவாதத்துக்குத் தன்னை வளர்த்த அத்தையையே விலையாகக் கொடுக்கிறான். வேலன் பக்கத்துக்கு அங்கிருந்து ஒருவர் இவ்வளவு நெருங்கி வந்தது அப்போதுதான்.

இந்தியில் ‘கிருஷ் 3’ (2013) படத்தில் ‘கால்’ என்ற பெயருடைய வில்லனுக்கு இரண்டு விரல் தவிர உடம்பு அசையாது. நாயகனின் தந்தையினுடைய மரபணுவிலிருந்து பிறந்தவன் அவன். தான் யார் பிள்ளை என்று தேடுகிறான். நல்ல விதை. படம் அதை வளர்க்காமல் சண்டைக்குள் ஓடிவிட்டது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வில்லன் நாயகனாவது புதிதல்ல. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் மூலக்கதையில் விபத்தில் கையிழந்து இரும்புக்கை பெற்றவன் முதலில் குற்றம்தான் செய்தான். பிறகுதான் நல்லவர்கள் பக்கம் வந்தான். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) குற்றவாளிகளின் அரசனாக விரும்பிப் புறப்பட்டு, பின்னால் குற்றவாளிகளை வேட்டையாடியவன். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். வாடகை நூலகத்தில் அவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறை, திருந்தியவனை நாயகனாக ஏற்றுக்கொள்ளத் தயங்கவே இல்லை.

ஆனால் தமிழில் சூப்பர் ஹீரோக்கள் இரண்டாம் பாகம் காண்பது அபூர்வம். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மனு எழுதிக் கட்டுகிறவர்களுக்காகச் சேவல் வேடமிட்டு வந்த ‘கந்தசாமி’ (2009) ஒன்றோடு நின்றது. சூரனின் பாதி உடம்பான சேவலையே நாயகனுக்கு உடையாகத் தந்த யோசனை அருமையானது. படம் அதைத் தொடரவில்லை. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ‘ஹீரோ’ (2019) கல்வி வியாபாரத்தை வில்லனாக்கியது. ‘மாவீரன்’ (2023) படத்தில் குடிசையிலிருந்து அடுக்குமாடிக்குத் துரத்தப்பட்ட ஒரு பயந்த படக்கதை ஓவியனுக்குக் குரல் கேட்கிறது. அதில் அமைச்சர் வில்லனாக வருபவர் அதே மிஷ்கின். இந்த நான்கில் இரண்டாம் பாகத்துக்குத் தகுதியானது ‘மாவீரன்’தான். அடுக்குமாடி இடிந்த பிறகு அந்த மக்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது.

மலையாளத்தில் பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) ஒரே மின்னலை இருவர் மேல் விழவைத்தது. நாயகன் டொவினோ தாமஸ். மற்றவன் ஷிபு, நம்முடைய கூத்துப்பட்டறையில் உருவான குரு சோமசுந்தரம். பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த உஷா தன்னை ஏற்றுக்கொள்ளும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அழுகை வருகிறது, சிரிப்பு வருகிறது, எது முதலில் என்று அவருக்கே தெரியவில்லை. குரல் உடைந்து, கைகள் எங்கே போவதென்று தவித்து, ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கிய மனிதன் சில நிமிடம் மனிதர்களிலேயே அழகானவனாக நிற்கிறான். ஊர் மூட்டிய தீயில் அவளை இழந்த பிறகுதான் அவன் முழு அசுரனாகிறான். 2025 ஓணத்தை ஒட்டி வந்த ‘லோகா’ கல்யாணி பிரியதர்ஷனை யட்சியாக்கி, ‘முதல் அத்தியாயம்’ என்று பெயரிலேயே தொடர்ச்சியை அறிவித்துவிட்டது. அதிலும் வில்லனாக வந்தவர் தமிழ்நாட்டின் நடன இயக்குநர் சாண்டி. பக்கத்து மாநிலம் தன் அசுரர்களுக்கு இங்கிருந்து ஆளெடுக்கிறது. அந்த முகங்களுக்கான அசுர காண்டத்தை இங்கே யாராவது எழுத வேண்டும்.

எந்திரன் மூன்றாம் பாகம் வரும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எடுப்பதானால் முதல் காட்சியை வல்லக்கோட்டைச் சாலையிலேயே வைக்கலாம். விடிகாலை, ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போகின்றன. சாலையோரத்து ஏரிக்கரையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும் ஒரு பனைமரத்தடியில், நோட்டும் பென்சிலுமாக ஒரு கிழவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பெண்ணொருத்தி, “தாத்தா, இன்னிக்கு எத்தனை?” என்று கேட்கிறாள். அவர் சொல்கிறார், அவள் தன் போனில் குறித்துக்கொள்கிறாள்.