டைனோ சீட்டு எதற்குச் சாட்சி?

பழைய இரும்பு இன்ஜின் புல்லட் 350. ரீபோர் போட்டு, பிஸ்டனும் ரிங்கும் மாற்றியாகிவிட்டது. ஊரப்பாக்கம் மெக்கானிக் அண்ணன், "ஓட்டிப் பாருங்க சார், தெரிஞ்சிடும்" என்கிறார். நண்பர்கள், "டைனோல ஏத்திடு, நம்பர் வந்துடும்" என்கிறார்கள். காசு கொடுக்கும் முன் அந்த நம்பர் என்னதான் சொல்லும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த 346 சிசி இன்ஜினுக்குக் கம்பெனி சொல்வது 5625 ஆர்பிஎம்மில் 18 குதிரைத்திறன். அது கிராங்க் கணக்கு. வண்டியை உருளை மேல் ஏற்றும் டைனோ அளப்பதோ பின் சக்கரத்தில். கிளட்ச், கியர், செயின் சேர்ந்து 15 சதவீதம் தின்றதாக வைத்தால் மிச்சம் 15.3. அடுத்து வெயில். எஸ்ஏஇ ஜே1349 திருத்தக் கணக்கு 25 டிகிரியை அடிப்படையாகக் கொண்டது. நம்ம ஊர் மே மாத 38 டிகிரியும் கடற்கரை ஈரமும் சேர்ந்தால் இன்னொரு 5 சதவீதம் போகும். ஆக, திருத்தம் போடாத சீட்டில் 14.5 வந்தாலே இன்ஜின் ஆரோக்கியம்தான். இது தெரியாதவர், "மூன்றரை குதிரை எங்கே போச்சு?" என்று மெக்கானிக் சட்டையைப் பிடிப்பார்.

இன்னொரு குறை என்னுடையது. இன்ஜினைப் பிரிக்கும் முன் நான் அளக்கவில்லை. மென்பொருளில் மாற்றத்துக்கு முந்தைய அளவு இல்லாமல் "வேகமாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நானே விடமாட்டேன். அதே விதி இங்கேயும்தான்.

இன்ஜின் கட்டிய கை சரியா என்று பார்க்க மலிவான வழிகள் இருக்கின்றன: கம்ப்ரஷன் அளப்பது, சிலிண்டரில் காற்று ஏற்றிக் கசிவு பார்ப்பது, ஆயிலில் இரும்புத்தூள் வருகிறதா என்று கவனிப்பது. மேலும், ரிங் படியும் முன் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். நம்பருக்காகப் புது இன்ஜினைப் பணயம் வைப்பதா?

அப்படியென்றால் டைனோ வீணா? இல்லை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். சாதாரண பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும். இந்தக் கலவைக்கு 13.5 தான் வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே ஊற்றும். கலவை 8 சதவீதம் வரை மெலியும், இன்ஜின் சூடேறும். சுமையில் நடக்கும் இதைக் காது கண்டுபிடிக்காது. ஜிஎஸ்டி ரோட்டில் நான் 5625 ஆர்பிஎம்மைத் தொடப்போவதே இல்லை; ஆனால் 3000-த்தில் தாம்பரம் வரை தினமும் போவேன்.

அதனால் என் முடிவு: 1000 கிலோமீட்டர் ஓட்டி ரிங் படிந்த பிறகு காசு கொடுப்பேன். ஆக்ஸிஜன் சென்சாரும், ஒரே வேகத்தில் சுமை பிடித்து நிறுத்தும் பிரேக்கும் உள்ள டைனோவாக இருக்க வேண்டும். வெறும் உருளையைச் சுழற்றிக் குதிரைத்திறன் மட்டும் அச்சடித்துத் தருகிற இடம் வேண்டாம். சீட்டில் நான் முதலில் பார்க்கப்போவது குதிரையை அல்ல, காற்று–எரிபொருள் கோட்டை.