கலைக்கு நிதி வழங்கும் தாபனங்களும் பொறுப்புக்கூறலும்: பிரித்தானியக் கலை மன்றம் பற்றிய ஒரு நோக்கு

அரசு கலைக்கு நிதி வழங்க வேண்டுமா என்பது இன்று பெரிதும் ஓய்ந்துபோன விவாதம். அந்நிதியை யார், எவ்வடிப்படையில், எவருக்கு விடைகூறிப் பங்கிடுகின்றனர் என்பதே ஓயாத வினா. நம்மிடையே இவ்வினா பெரும்பாலும் தனிமனிதர் பற்றிய முறைப்பாடாகவே எழுகின்றது. இன்னாருக்குப் பரிசு கிடைத்தது, இன்னார் புறக்கணிக்கப்பட்டார் என்ற அளவில் நின்றுவிடும் அம்முறைப்பாடு, தாபனத்தின் அமைப்பை நோக்கிச் செல்வதில்லை. இதனாலேயே, பிற நாடுகள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்த பிரித்தானியக் கலை மன்றத்தின் வரலாற்றை இங்கு நோக்க விரும்புகின்றோம்.

இசையையும் கலைகளையும் ஊக்குவிப்பதற்கெனப் போர்க்காலத்தில், 1940இல், அமைக்கப்பட்ட குழுவே இம்மன்றத்தின் மூலம். 1942 முதல் அதன் தலைவராக விளங்கியவர் பொருளியலறிஞர் கெய்ன்ஸ். 1946இல் அது அரச சாசனம் பெற்றுக் கலை மன்றமாயிற்று. 1945-46இல் கிடைத்த மானியம் 235,000 பவுண். அரசு பணத்தைத் தரும். அதனை யாருக்குக் கொடுப்பதென்பதில் தலையிடாது. ஆங்கிலத்தில் இதனைக் கைநீளத் தூரக் கொள்கை என்பர்; ஒருவரைக் கைநீட்டித் தள்ளி நிறுத்தும் தூரம் என்பது அதன் கருத்து. தமிழில் 'கைக்கெட்டிய தூரம்' என்றால் பொருள் நேர்மாறாகிவிடுகின்றது: வேண்டும்போது பற்றிக்கொள்ளக்கூடிய அண்மையையே அது குறிக்கும். மன்றத்தின் நடைமுறைக்கு நமது வழக்கே கூடுதலாகப் பொருந்துகின்றது.

இக்கொள்கையை உள்ளிருந்தே ஆராய்ந்தவர் மார்க்சிய விமரிசகரான றேமன்ட் வில்லியம்ஸ். 1976 முதல் 1978 வரை மன்றத்தின் உறுப்பினராயிருந்த அவர், 1979இல் அதுபற்றி எழுதினார். எவ்வளவு நீட்டினாலும் கை உடலைச் சார்ந்ததே என்பது அவர் வாதத்தின் சாரம். உறுப்பினரை அமைச்சர் நியமிக்கின்றார். எவரும் அவர்களைத் தெரிவதில்லை. ஏற்கெனவே அறிமுகமான வட்டத்திலிருந்தே அவர்கள் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். அவ்வட்டம் தனது சுவையைச் சுவையின் பொதுநியமமாகவே கருதுவதால், மேலிருந்து கட்டளை எதுவும் வரவேண்டிய தேவையில்லை. கருத்தொருமைப்பாடு முன்னரே தயாராயிருக்கும். கிராம்ஷி கூறிய மேலாண்மை அன்றாட நிருவாகத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. அரசு என்பது ஆளும் வர்க்கத்தின் கருவி என்று கூறிவிட்டு மேற்செல்லும் நம்மவர் சிலர், அக்கருவியின் பொறிமுறையை அறிவதற்கேனும் வில்லியம்ஸைப் படித்தல் நன்று.

இங்கு ஓர் உண்மையை மறுத்தலாகாது. மன்றம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. எந்த நிறுவனம் எவ்வளவு பெற்றதென்பது அதிற் காணப்பட்டது. பாராளுமன்றத்துக்கும் திறைசேரிக்கும் கணக்குச் சென்றது. ஆயின் இது மேல்நோக்கிய பொறுப்புக்கூறல் மாத்திரமே. தொகை வெளியாயிற்று, தொகையைத் தீர்மானித்த தர்க்கம் வெளியாகவில்லை. 1980 டிசம்பரில் 41 நிறுவனங்களின் மானியத்தை மன்றம் நிறுத்தியபோது இவ்வேறுபாடு பலருக்கும் புலனாயிற்று. 1982இல் முன்னாள் பத்திரிகாசிரியரான றீஸ்-மொக் தலைவரானார். கலைக்கு வணிக நிறுவனங்களின் ஆதரவைத் திரட்டும் சங்கமொன்றின் பணிப்பாளராயிருந்த லூக் றிட்னர் 1983இல் செயலாளர் நாயகமானார். அடுத்த ஆண்டு, சுரங்கத் தொழிலாளரின் பெருவேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தின் '7:84' நாடகக் குழு தன் மானியத்தை இழக்கவிருப்பது தெரியவந்தது. நாட்டுச் செல்வத்தில் 84 வீதத்தை 7 வீதத்தினர் உடைமையாகக் கொண்டிருந்தனர் என்ற புள்ளிவிவரமே அக்குழுவின் பெயர். 1971இல் ஜோன் மக்கிராத் தொடங்கிய அக்குழு, தொழிலாளர் கூடுமிடங்களைத் தேடிச் சென்று நாடகமாடிற்று. மானிய நிறுத்தம் அரசியற் பழிவாங்கலா, கலைத்தரம் பற்றிய நேர்மையான மதிப்பீடா? தீர்மானம் பிறந்த விதத்தைச் சோதித்தறிய வழியில்லாதபோது இரு தரப்பாரும் தத்தம் நம்பிக்கையை மாத்திரமே முன்வைக்கலாம். இத்தகைய இருளில் நன்மையடைவது எப்பொழுதும் தீர்மானிப்பவரே.

அவ்வாறாயின் ஆவணங்களைத் திறந்துவிட்டாற் போதுமா? 2007-08இல் இங்கிலாந்துக் கலை மன்றம் ஏறத்தாழ 200 நிறுவனங்களின் நிதியை நிறுத்தவோ குறைக்கவோ முற்பட்டது. இலண்டனின் புஷ் அரங்கு, 2005இல் நடைமுறைக்கு வந்த தகவற் சுதந்திரச் சட்டத்தைப் பயன்படுத்தி மன்றத்தின் கோப்புகளைப் பெற்றது. தனது பார்வையாளர் தொகையை மன்றம் பிழையாகக் கணித்திருந்ததை அதனாற் காட்ட முடிந்தது, வெட்டும் கைவிடப்பட்டது. இது வெற்றியே. ஆனால் கணக்குச் சரியாயிருந்திருப்பின்? தலைகளை எண்ணிக் கலையை அளக்கலாமெனத் தீர்மானித்தவர் யார் என்ற வினா கோப்புக்கு வெளியிலேயே நின்றிருக்கும். லொத்தர் நிதியின் கதை இன்னுந் தெளிவானது. 1990களின் நடுப்பகுதியில் றோயல் ஒப்பெறா மாளிகையின் புனரமைப்புக்கு அந்நிதியிலிருந்து ஏறத்தாழ 78 மில்லியன் பவுண் ஒதுக்கப்பட்டது. எதுவும் மறைக்கப்படவில்லை, பத்திரிகைகள் அனைத்தும் எழுதின. லொத்தர்ச் சீட்டை வாங்குபவரிற் பெரும்பாலோர் ஒப்பெறா பார்ப்பவரல்லர். பட்டப்பகலிலும் பணம் கீழிருந்து மேலே செல்லலாம். வெளிப்படைத்தன்மை இன்றியமையாதது, ஆனால் தெரிவு செய்யவும் நீக்கவும் உரிமையற்றவர்களுக்கு அது பார்வையாளரின் ஆசனத்தை மாத்திரமே தருகின்றது. நியமனத்தின் இடத்திற் பிரதிநிதித்துவத்தை வேண்டிய வில்லியம்ஸின் நிலைப்பாடு இக்காரணத்தாலேயே இன்னும் வலுவுடையது.

இலங்கைக் கலைக்கழகம் 1952இல் தோன்றியது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்கு ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அண்ணாவிமாரைப் பொதுமேடையில் மதிப்புப் பெறச் செய்ததும், நாட்டுக் கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்ததும் நமது அரங்க வரலாற்றிற் பெரும் நிகழ்வுகள். எனினும் விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குட் சுருங்கிப் படச்சட்ட மேடைக்கு வந்தமை ஒரு கலைத் தீர்மானம் மாத்திரமன்று. எது பேணத்தக்கது, எது வெட்டத்தக்கது என்பதைக் கற்றோர் குழாமே வகுத்தது. விளைவு சிறப்பாயிருந்தது என்பது, அதனை வகுக்கும் உரிமை எங்கிருந்து வந்ததென்ற வினாவுக்கு விடையாகாது. நல்லோர் குழுவில் இருந்தமையால் விளைந்த நன்மை, அவர் போனபின் தாபனத்திடம் எஞ்சுவதில்லை. முற்போக்கு அணியினர் குழுக்களில் இடம்பெறுவதையே வெற்றியாகக் கொள்ளும்போதும் இதுவே நேர்கின்றது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்று நமது கையில் உண்டு. ஊழலைத் தேடும் பத்திரிகையாளருக்குரியதாகவே அதனை நமது ஆய்வாளர் பலரும் எண்ணுகின்றனர். மேடையேறிய நாடகங்களிலிருந்தும் பரிசு பெற்ற பிரதிகளிலிருந்தும் நமது அரங்க வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் பக்கத்திலிருந்து அதனை எழுத முற்படும் மாணவர், குழுக் கூட்ட அறிக்கைகளைக் கோரும் ஒரு கடிதத்துடன் தம் ஆய்வைத் தொடங்கலாம்.