கேமரா முகத்தைக் காட்டும்போது கால் எங்கே?

‘ஸ்வான் லேக்’ பாலேயின் மூன்றாம் அங்கத்தில் ஓடீல் வேடத்தில் வருபவர் சுழல ஆரம்பித்ததுமே பார்வையாளர்களில் பாதிப் பேர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மொத்தம் 32 சுற்று. 1895-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இத்தாலியரான பியெரினா லெக்னானி ஆடிக் காட்டியதிலிருந்து, இந்த வேடத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இது ஒரு பரீட்சை. ஒரு கால் நுனிவிரலில் நிற்க, மறுகாலைச் சாட்டை போல வீசி, அந்த வீச்சின் விசையிலேயே உடம்பைச் சுழற்ற வேண்டும். நிற்கிற காலின் குதிகால் சுற்றுக்கு ஒரு தடவை தரையில் இறங்கி, அடுத்த நொடியே மேலே போகும். ‘ஃபுவெத்தே’ என்று பெயர்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார். ஆரம்பித்த இடத்திலேயே முடிக்கிறாரா, இல்லை சுற்றுக்குச் சுற்று மேடை விளிம்பை நோக்கி நழுவிக்கொண்டே போகிறாரா? சங்கதி அங்கேதான். நல்ல கால் ஒரு தட்டளவு இடத்துக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். தடுமாறுகிற கால் மேடையில் ஒரு கோடே போட்டுவிடும். நேரில் பார்ப்பவருக்கு இது பளிச்சென்று தெரியும். திரையில் பார்ப்பவருக்கோ, பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனதும் கேமரா முகத்துக்குப் போய்விடுகிறது. சிரித்த முகம், வைரக் கிரீடம், கழுத்தில் ஒரு துளி வியர்வை. திரும்பக் காலுக்கு வரும்போது ஆட்டக்காரர் எங்கே இருந்தார், எங்கே வந்து சேர்ந்தார் என்ற கணக்கே கைவிட்டுப் போயிருக்கும். நடுவில் இரட்டைச் சுற்று போட்டிருந்தால் அதுவும் போச்சு.

(இந்த 32-ஐத் தவிர்த்துவிட்டு, மேடையைச் சுற்றி வட்டமாகச் சுழன்று போனவர் மாயா பிளிசெட்ஸ்கயா. அதனால் அவருடைய ஓடீலின் மவுசு குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. எண்ணிக்கைப் பித்து பிடித்தவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கிற ஆட்டத்தைச் சிற்றூர்களின் பழைய அரங்குகளில் திரையிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா 2006 டிசம்பர் 30 அன்று ‘தி மேஜிக் ஃப்ளூட்’ நேரலையோடு ஆரம்பித்து வைத்தது. லண்டனின் நேஷனல் தியேட்டர் 2009 ஜூன் 25 அன்று, ஹெலன் மிர்ரன் நடித்த ‘ஃபேத்ர’ நாடகத்தோடு களமிறங்கியது. பாலேக்கு லண்டன் ராயல் பாலேயும், 2022 வரை மாஸ்கோ போல்ஷோயும். இந்த வரிசையில் எனக்குப் பிடித்த அரங்கு, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் உள்ள மஹைவி. ஊரின் ஜனத்தொகை ஏழாயிரத்தைச் சுற்றித்தான். 1886-ல் வில்லியம் ஸ்டான்லி மாறுதிசை மின்சாரத்தால் கடைத்தெரு விளக்குகளை எரிய வைத்துக் காட்டிய ஊர் இது. அரங்கு 1905-ல் திறந்தது. வோடவில் கதம்ப நிகழ்ச்சிகள், பேசாப் படம், பேசும் படம் எல்லாம் பார்த்து, நொடித்து, பழுது பார்க்கப்பட்டு நூறாவது வருஷத்தில் புது வாழ்வு பெற்றது. இருக்கைகள் எழுநூறுக்குச் சற்றுக் குறைவு. ஆபராவும் லண்டன் நாடகமும் இங்கே திரையில் வருகின்றன.

இப்படிப்பட்ட அரங்கில் பார்ப்பதற்கும் மல்டிப்ளெக்ஸில் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? பழம்பெருமை பேசுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை, கணக்குக்காகத்தான் கேட்கிறேன். மல்டிப்ளெக்ஸ் திரை சுவர் முழுக்க விரிந்திருக்கும். அதில் வரும் முகம் ஒரு லாரி அளவுக்கு இருக்கும். பழைய நாடக அரங்கிலோ திரை மேடை முகப்பு வளைவுக்குள்ளேதான் தொங்கியாக வேண்டும். அதன் அகலம் மேடையின் அகலத்தைத் தாண்டாது. ஆக, கேமரா முழு மேடையையும் காட்டும்போது, திரையில் தெரிகிற ஆட்டக்காரரின் உயரம் நிஜ ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். கண்ணுக்கு அது மேடைதான். வைட் ஷாட்டைச் சகித்துக்கொண்டு உட்காராமல் ரசிக்க முடிகிற இடம் இந்த மாதிரி அரங்குகள்தான். மல்டிப்ளெக்ஸை மனதில் வைத்து ஷாட் பிரிக்கும் இயக்குநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் புகார்.

நாடகத்தில் நிலைமை வேறு. அங்கே க்ளோஸ்-அப்புக்கு நியாயம் இருக்கிறது. 2011 மார்ச்சில் நேஷனல் தியேட்டர் ஒளிபரப்பிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ இதற்கு நல்ல உதாரணம். இயக்கம் டேனி பாயில். பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானி வேடத்தையும் அவன் படைத்த உயிரின் வேடத்தையும் இரவுக்கு இரவு மாற்றி மாற்றி நடித்தார்கள். இரண்டு விதமும் படமாக்கப்பட்டன. ஆரம்பக் காட்சியில் வசனமே கிடையாது. பிறந்த உயிர் தரையில் துடித்து, புரண்டு, கையூன்றி, எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கவாதத்திலிருந்து மீண்டு மறுபடி நடை பழகுகிறவர்களைக் கவனித்துத் தயாரானார் கம்பர்பேட்ச். மில்லருக்கு முன்மாதிரி அவருடைய சின்ன மகன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு முழங்காலில் தெரியும். கம்பர்பேட்சின் கால் சொன்ன பேச்சைக் கேட்காத கால், மூளை ஒன்று சொல்ல அது வேறொன்று செய்யும். மில்லரின் கால் இன்னும் எதையுமே கேட்டிராத கால், விழுவதில்கூட ஒரு குழந்தைக் குதூகலம். எட்டத்து இருக்கையில் இருந்தவருக்கு இந்த நுணுக்கம் எட்டியிருக்குமா என்பது சந்தேகம். கேமரா அதைக் கொண்டுவந்து மடியில் போட்டது. 2012-ல் சிறந்த நடிகருக்கான ஒலிவியே விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். சரியான தீர்ப்பு.

பிரிட்டனின் நெஸ்டா அமைப்பு இந்த ஒளிபரப்புகளை ஆராய்ந்தபோது, நேரில் பார்த்தவர்களைவிடத் திரையில் பார்த்தவர்களே உணர்ச்சியில் அதிகம் ஒன்றிப்போனதாகச் சொன்னார்கள். பலருக்கு இது ஆச்சரியம். எனக்கு இல்லை. நாடகத்தில் நெருக்கம் வெல்லும். ஆனால் அந்த வெற்றியை அப்படியே தூக்கிப் பாலேயின் மேல் வைப்பதுதான் கோளாறு.

பாலே ஒரு ஆளின் ஆட்டம் மட்டும் இல்லை. கிரிக்கெட் ஒளிபரப்பில் பந்து வீசுபவரும் மட்டைக்காரரும்தான் தெரிவார்கள், ஃபீல்டிங் எப்படி நிறுத்தியிருக்கிறது என்று மைதானத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். பாலேயிலும் பின்னால் நிற்கிற இருபத்துச் சொச்சம் பேர்தான் அந்த ஃபீல்டிங். ‘லா பயாதேர்’ பாலேயில் நிழல்களின் ராஜ்யம் என்றொரு காட்சி. இருட்டில் ஒரு சரிவுப் பாதை. வெள்ளை உடையில் ஒருத்தி வருகிறாள். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் உயர்த்தி முன்னால் சாய்கிறாள், நிமிர்கிறாள், இரண்டு அடி வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ராயல் பாலேயில் 24 பேர், ரஷ்யக் குழுக்களில் 32 பேர். முதலில் வந்தவள் கடைசிப் பெண் இறங்கும்வரை அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். அத்தனையும் ஒற்றைக் காலில் எடை தாங்கி, அதில் ஒரு பகுதி சரிவான தளத்தில். நாயகியின் தனி ஆட்டத்தைவிட இது கடினம் என்பேன். இந்தக் காட்சியில் வெட்டே கூடாது. ஒரே ஒரு கணுக்கால் நடுங்கினாலும் வரிசையில் அது தெரிய வேண்டும், அப்படித் தெரியாமல் போவதுதான் அவர்களுடைய சாதனை என்பதும் தெரிய வேண்டும். நான்காவது பெண்ணின் முகத்துக்கு க்ளோஸ்-அப் போகிற இயக்குநரை என்ன சொல்ல?

‘லா பயாதேர்’ கதை நம்மூர்ப் பக்கத்து விஷயமும்கூட. 1838-ல் புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் போன குழுவில் கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்துத் தேவதாசிகள் இருந்தார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தில் சொக்கிப்போய் எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. இருபது வருஷம் கழித்து அவர் கதை எழுதிய ‘சகுந்தலா’ பாலேயை அமைத்தவர் லூசியன் பெத்திபா. லூசியனின் தம்பி மாரியுஸ்தான் 1877-ல் ‘லா பயாதேர்’ அமைத்தார். கோயில் நடனப் பெண்ணாகப் பாலே மேடையில் யார் வந்தாலும் எனக்குத் திருவந்திபுரம் ஞாபகத்துக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை.

கிரேட் பாரிங்டனுக்குக்கூட நம்மூர் நடனத்தோடு ஓர் உறவு உண்டு. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழா வளாகம். 1962-ல் தஞ்சாவூர் பாலசரஸ்வதி ஆடிய இடம். பிற்பாடு 1976-ல் சத்யஜித் ராய் அவரைப் படமெடுத்தார். முகபாவம் ஒன்றுக்காகவே க்ளோஸ்-அப்பில் மணிக்கணக்காக வைத்துப் பார்க்கத் தகுந்த கலைஞர் பாலா. அபிநயத்துக்குக் கேமரா கிட்டே போகலாம், போக வேண்டும். பாலேயில் உணர்ச்சி முதுகெலும்பிலும் பாத வளைவிலும் இருக்கிறது, கிட்டே போனால் அதுதான் முதலில் ஃபிரேமை விட்டு வெளியே போகும். ஃப்ரெட் அஸ்டேர் தன் படங்களில் தலை முதல் பாதம் வரை முழு உருவத்தையும் காட்டச் சொல்லி அடம் பிடித்தது இதனால்தான்.

ராயல் பாலே ஒளிபரப்புகள் பலவற்றைத் திரைக்கு இயக்கிய ராஸ் மெக்கிப்பன் அதே குழுவில் ஆடியவர். அது தெரிகிறது. தாவல் தொடங்குவதற்கு முந்தைய மூச்சில் வெட்டுவாரே தவிர, ஆட்டக்காரர் காற்றில் இருக்கும்போது வெட்டமாட்டார். ஒலியில்தான் எனக்கு மனத்தாங்கல். மேடை விளிம்பு மைக்குகள் காலணி நுனியின் ‘டொக் டொக்’ சத்தத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிடுகின்றன. நேரில் அதை ஆர்க்கெஸ்ட்ரா மூடிவிடும்.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022-ல் போல்ஷோய் ஒளிபரப்பு நின்றுபோனது. பெரிய குழு ஆட்ட வரிசைகளை வைட் ஷாட்டில் நிதானமாகக் காட்டியவர்கள் அவர்கள்தான். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

அடுத்த முறை இப்படி ஒரு பழைய அரங்கில் சீட்டு வாங்கினால், நாடகத்துக்குக் கீழ்த்தளத்தில் பத்தாவது வரிசை வாங்குங்கள். பாலே என்றால் மாடியில் முதல் வரிசை, நடுவில். ‘ஸ்வான் லேக்’ மூன்றாம் அங்கம் வந்ததும் எண்ணுவதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் விட்டுவிட்டு, ஓடீலின் குதிகால் முதலில் இறங்கிய இடத்தைப் பின்திரையில் உள்ள ஏதாவது ஒரு தூணோடு நேர்கோடாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா முகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும், பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார் என்பதை அந்தத் தூண் காட்டிக்கொடுத்துவிடும்.